பழைய கைக்கணினியில் கிரேக்க, எபிரேய எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மாலை வேதபாடம் முடிந்து தேநீருக்குக் கீழே இறங்கினால், ஒரு கையில் கறிபஃப்போடு யாராவது வந்து மறு கையால் பழைய பாம் கருவியையோ பாக்கெட் பிசியையோ, அதாவது ஸ்மார்ட்ஃபோனுக்கு முந்திய கைக்கணினியை, நீட்டுவார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தையும் பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் அதில் படிக்க ஆசை. "தம்பி, இதுல கிரேக்கம் வரமாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்." ஒரே பதிலை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் கணினிப் பொறியாளன் இல்லை, கிரேக்கப் பண்டிதனும் இல்லை. இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டவன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இந்தக் காலத்துல எதுக்குண்ணே அந்தப் பழைய டப்பா? கைப்பேசியிலயே எல்லாம் இருக்கே?

இருக்கிறது. இன்றைய கைப்பேசியில் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இரண்டு மொழியும் தெரியும். அது போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என்னிடம் வருபவர்கள் வேறு ரகம். ஒரு பெரியவர் தன் பாம் கருவியில் வசனம் வசனமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், அதை விட்டு வர மனமில்லை. இன்னொருவருக்குப் பிரசங்க நேரத்தில் வாட்ஸ்அப் துடிக்காத கருவி வேண்டும். என்னுடையது 2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தையை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐந்து வெள்ளிக்கு அங்கே பொறுக்கியது. ஐந்து வெள்ளிக்கு வாங்கியதை ஓட வைக்காமல் விடுவேனா?

என்கிட்ட இருக்கறது எந்த வகைன்னே தெரியல.

திரைக்குக் கீழே கையால் எழுத ஒரு சதுரமும் ‘ஹாட்சிங்க்’ என்ற சொல்லும் இருந்தால் பெரும்பாலும் பாம். மேலே இடப்பக்கம் விண்டோஸ் கொடியும் ‘ஸ்டார்ட்’ பட்டியலும் இருந்தால் பாக்கெட் பிசி, அல்லது அதற்குப் பின் வந்த விண்டோஸ் மொபைல். மூன்றாவது, தொடக்க கால ஆண்ட்ராய்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வித்தியாசம் வெளித்தோற்றத்தில் இல்லை. பாம் கருவிக்கு யூனிகோடு, அதாவது உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறை, தெரியாது. எழுத்துகளை வைக்க அதற்கு இருப்பது 256 இடம்தான், அதையும் ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்துகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாக்கெட் பிசி உள்ளுக்குள் யூனிகோடில் ஓடுவது. இது மனத்தில் இருந்தால் கீழே வரும் பாதி பதில்கள் தானாகவே விளங்கிவிடும்.

எழுத்துருவை இறக்கிப் போட்டாப் போதும்தானே?

எல்லாரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். போதாது. முதலில் உங்கள் பனுவல் எந்தக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் எந்த முறையில், இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எழுத்துரு என்பது மேலே போடும் சட்டை. உள்ளே இருப்பது வெறும் எண். 

தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது, நாம் பட்டுத் தெளிந்த விஷயம். ஒருவர் ஒரு எழுத்துருவில் அடித்து அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் வேறு எழுத்துருவில் திறந்தால் ‘ñ’ போன்ற கிறுக்கல்களாக வந்த காலம் உண்டு. அந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்கத்தான் 1997இல் இங்கே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் 97 மாநாட்டை நடத்தினார். கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் அதே கதைதான். எஸ்.பி. அயோனிக் என்ற பழைய கிரேக்க எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் கிரேக்க எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். சொல்லின் கடைசியில் வரும் சிக்மாவுக்கு ‘ஜே’ விசை. அந்தக் கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் ‘லோகோஸ்’ என்ற சொல் ஆங்கில எழுத்துகளில், நடுவே ஒரு சாய்கோட்டோடு, ‘ஜே’யில் முடியும்.

ஆகவே இப்படிப் பாருங்கள். ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் பனுவல் பழைய குறியேற்றத்தில் இருக்கிறது, அதற்கேற்ற பழைய எழுத்துரு வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பனுவல் யூனிகோடில் இருக்கிறது, எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் கேட்காது.

யோவான் 1:1 திறந்தா பாதி எழுத்து வருது, பாதி கட்டமா இருக்கு. கோப்பு கெட்டுப்போச்சா?

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வசனத்தின் முதல் ஐந்து சொற்களை உற்றுப் பாருங்கள்: ‘என் ஆர்கே ஏன் ஹோ லோகோஸ்’. முதல் நான்கு சொற்களிலும் முதலெழுத்து கட்டம். ‘ஆர்கே’யில் கடைசி எழுத்தும் போயிருக்கும். ‘ஹோ’ ஒரே எழுத்து என்பதால் அந்தச் சொல்லே வெறும் கட்டம். ‘லோகோஸ்’ மட்டும் முழுசாக நிற்கும். இப்படி இருந்தால் உங்கள் எழுத்துருவில் இருப்பது இன்றைய கிரேக்கம் மட்டுமே.

கிரேக்க நாட்டில் 1982இல், எழுத்தின் மேல் வரும் மூச்சுக்குறிகளை எல்லாம் கழித்துவிட்டு ஒற்றை அழுத்தக்குறி முறைக்கு மாறிவிட்டார்கள். புதிய ஏற்பாட்டுக்கோ பழைய குறிகள் அத்தனையும் வேண்டும். யூனிகோடில் அவை ‘விரிவு கிரேக்கம்’ என்று தனித் தொகுதியாக இருக்கின்றன. ஜென்டியம், கலாத்தியா எஸ்.ஐ.எல்., எஸ்.பி.எல். கிரீக், கார்டோ ஆகியவற்றில் அந்தத் தொகுதி உண்டு. பழைய கருவிக்கு நான் பரிந்துரைப்பது ஜென்டியம். சின்ன அளவிலும் மூச்சுக்குறி எந்தப் பக்கம் வளைகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எபிரேயம் எல்லாம் சரியா வருது. சில சொல்லோட கடைசியில மட்டும் ஒரு கட்டம் நிக்குது.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எழுத்துருவை நான்கு முறை மாற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நானும் அரை மணி நேரம் முட்டி மோதினேன். பக்கத்தில் இருந்த இறையியல் மாணவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அது மேம் எழுத்து" என்றார்.

எபிரேயத்தில் 22 எழுத்து. அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வரும்போது வேறு வடிவம் உண்டு. கடைசி மேம் நான்கு பக்கமும் மூடிய சதுரம், அச்சு அசலாக எழுத்து இல்லாத இடத்தில் வரும் கட்டம் மாதிரியே இருக்கும். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் ஏழு சொல். அதில் ‘எலோஹிம்’, ‘ஹஷ்ஷாமயிம்’ இரண்டும் இந்தச் சதுரத்தில்தான் முடியும். உங்கள் திரையில் அந்த இரண்டு இடத்தில் மட்டும் கட்டம் இருந்தால் எழுத்துருவைத் தொடாதீர்கள், எல்லாம் சரியாகவே இருக்கிறது. நிஜமான கட்டம் என்றால் கோடு எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் இருக்கும். மேமில் மேல்கோடு தடித்திருக்கும்.

பாம்ல எங்க போடணும்? ‘ஃபாண்ட்ஸ்’னு ஃபோல்டரே இல்லையே?

இருக்காது. கணினியில் போடும் ட்ரூடைப் எழுத்துருவைப் பாம் கருவிக்குக் கொடுத்துப் பயனில்லை. அதற்குப் புள்ளி புள்ளியாக வரைந்த எழுத்துருதான் தெரியும். கிரேக்க, எபிரேய மூலத்தைப் பாமுக்குத் தந்த ஆலிவ் ட்ரீ போன்ற வேதாகம நிரல்கள் தமக்கான எழுத்துருவைத் தாமே கொண்டுவந்தன. ஆகவே நிரல் எதுவோ, அதற்கென வந்த எழுத்துருக் கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். பி.டி.பி. அல்லது பி.ஆர்.சி. என்று முடியும். ஏற்றிய பின் நிரலின் அமைப்புக்குள் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்துவிடுகிறார்கள்.

கருவி முழுக்க எழுத்துருவை மாற்றும் ‘ஹாக்’ வகைச் சிறு நிரல்கள் உண்டு. அவை பாம் இயங்குதளத்தின் 4ஆம் பதிப்பு வரைதான். 5ஆம் பதிப்பில் செயலியே டிராகன்பாலிலிருந்து ஆர்ம் வகைக்கு மாறிவிட்டதால் அந்த வித்தை அங்கே பலிக்காது.

இன்னொன்று. 160க்கு 160 புள்ளித் திரை உள்ள பழைய மாடலில் உயிர்க்குறிகளோடு எபிரேயம் படிக்க முயல வேண்டாம். எழுத்துக்குள் வைக்கும் தாகேஷ் ஒரே ஒரு புள்ளி. ஒன்றுபோல இருக்கும் தாலெத், ரேஷ் எழுத்துகளில் எது எது என்று தெரியாது. 320க்கு 320 திரை என்றால் படிக்கலாம். கிரேக்கம் இரண்டிலும் பரவாயில்லை.

கேபிள் போட்டா புது லேப்டாப் கண்டுக்கவே மாட்டேங்குது.

64 பிட் விண்டோஸுக்குப் பாம் நிறுவனம் யூஎஸ்பி இயக்கி தரவில்லை. கேபிளோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு எஸ்.டி. அட்டை வழியாகப் போங்கள். அட்டையில் ‘பாம்’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் ‘லாஞ்சர்’ என்று ஒன்று. நிரலை அதற்குள் போட்டால் கருவியின் முகப்பில் வந்து நிற்கும். எழுத்துருக் கோப்பு மட்டும் முகப்பில் தெரியாது. அதை அட்டையிலிருந்து உள்நினைவகத்துக்கு நகர்த்தக் கோப்பு மேலாளர் நிரல் ஒன்று வேண்டும்.

அட்டை விஷயத்தில் கவனம். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையைப் படிக்காது. சிம் லிம் ஸ்குவேரில் போய் 2 ஜிபி கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். வீட்டில் பழைய கேமரா இருந்தால் முதலில் அதற்குள் பாருங்கள்.

பாக்கெட் பிசிக்கு?

இங்கே வேலை சுலபம். ட்ரூடைப் கோப்பைக் கருவியின் ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபாண்ட்ஸ்’ கோப்புறையில் போட்டு, ஊசித் துளையை அழுத்திச் சாஃப்ட் ரீசெட் செய்யுங்கள். நிரலின் எழுத்துருப் பட்டியலில் வந்துவிடும்.

எல்லா மொழியும் இருக்கிறதே என்று அரியல் யூனிகோடு எம்.எஸ். எழுத்துருவைத் தூக்கிப் போடாதீர்கள். அது மட்டுமே 22 மெகாபைட். 2000இல் வந்த ஐபேக் 3630 என்ற பாக்கெட் பிசியின் மொத்த நினைவகமே 32 மெகாபைட்தான்.

எழுத்தெல்லாம் வருது, ஆனா ‘ஷலோம்’ தலைகீழா நிக்குது.

‘ஷலோம்’ நான்கு எழுத்து: ஷின், லாமெத், வாவ், மேம். வலப்பக்கம் மூன்று பல் கொண்ட ஷின், இடப்பக்க ஓரத்தில் மேலே சொன்ன மூடிய சதுரம். இதுதான் சரியான நிலை. சதுரம் வலப்பக்கம் வந்துவிட்டால் சொல் புரண்டுவிட்டது என்று அர்த்தம்.

எழுத்துருவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது, அப்படி அடுக்குவது இயங்குதளத்தின் வேலை. இங்கே விற்ற சாதாரண பாக்கெட் பிசிக்கு அது தெரியாது. நமக்கும் இதே தொல்லை வந்ததுண்டு: பழைய கருவிகளில் ‘செ’ என்று அடித்தால் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துரு இருந்தும் அடுக்கத் தெரிந்த ஆள் இல்லாத நிலை. ஆகவே எபிரேயத்தைத் தானே அடுக்கிக்கொள்ளும் வேதாகம நிரலுக்குள் படியுங்கள். வேர்டிலோ குறிப்பேட்டிலோ ஒட்டிப் படிக்க நினைத்தால் புரளத்தான் செய்யும்.

இருபது வருஷத்துக் குறிப்பு எல்லாம் பழைய எழுத்துருவுல இருக்கு. யூனிகோடுக்கு மாத்தலாமா?

மாற்றலாம், மாற்றவும் வேண்டும். கருவி போனாலும் குறிப்பு நிற்கும். ஆனால் வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துருப் பெயரை மாற்றினால் அது மாற்றம் ஆகாது. முன்பே சொன்ன மாதிரி, சட்டை மாறும், உள்ளே இருக்கும் எண் அப்படியே இருக்கும். எண்ணுக்கு எண் மாற்றும் கருவி வேண்டும். எஸ்.ஐ.எல். அமைப்பின் மாற்றிகள் இதற்கென்றே இருக்கின்றன. எந்தப் பழைய எழுத்துரு என்று சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கோப்பின் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

எபிரேயத்தில் ஒரு பொறி உண்டு. அந்தக் காலத்தில் கணினிக்கு வலமிருந்து இடம் தெரியாததால், பலர் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து தொடங்கி அடித்தார்கள். திரையில் பார்க்கச் சரியாக இருக்கும். வசனம் இரண்டு வரிக்கு மடங்கும்போதுதான் குட்டு உடையும்: வசனத்தின் முடிவு மேல் வரியிலும் தொடக்கம் கீழ் வரியிலும் இருக்கும். உங்கள் குறிப்பு அப்படி இருந்தால் மாற்றிய பின் எழுத்துகளைத் திருப்பியும் போட வேண்டும். ஒரு பெரியவரின் ஆதியாகமக் குறிப்பை இப்படித் திருப்பி முடிக்க எனக்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று.

கண்ணுக்கு முன்னாடி இருக்கற சொல்லைத் தேடினா ‘இல்லை’ன்னு சொல்லுது.

கிரேக்கமா எபிரேயமா என்று பாருங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

கிரேக்கத்தில் அழுத்தக்குறியோடு கூடிய ஆல்ஃபா யூனிகோடில் இரண்டு இடத்தில் இருக்கிறது, அடிப்படைத் தொகுதியில் ஒன்று, விரிவுத் தொகுதியில் ஒன்று. பார்வைக்கு ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். பழைய நிரலுக்கோ அவை வேறு வேறு எண். வசனத்தில் இருப்பது ஒன்று, நீங்கள் விசைப்பலகையில் அடித்தது இன்னொன்று. வழி எளியது: சொல்லை அடிக்காதீர்கள், வசனத்திலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அல்லது குறி இல்லாத பகுதியை மட்டும் தேடுங்கள்.

எபிரேயத்தில் ஒரு மெய்யெழுத்தின் மேல் தாகேஷ், உயிர்க்குறி, ஷின் புள்ளி என்று பல குறிகள் ஏறும். யூனிகோடின் சீராக்கல் அவற்றைத் தன் வரிசைப்படி மாற்றி அடுக்கும். நாம் அடித்த வரிசை வேறாக இருந்தால் பழைய நிரலுக்குப் பொருந்தாது. இதன் உச்சம் ‘எருசலேம்’. மசோரெத்திய மூலத்தில், அதாவது உயிர்க்குறிகள் இட்ட மரபு எபிரேயப் பனுவலில், அந்தச் சொல்லின் லாமெத்துக்குக் கீழே இரண்டு உயிர்க்குறிகள் வரும், நடுவில் வர வேண்டிய யோத் எழுதப்பட்டிருக்காது. சீராக்கினால் அந்த இரண்டும் இடம் மாறிவிடும். அதைத் தடுக்கக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஒன்றை நடுவில் வைப்பார்கள். உங்கள் கருவியில் எருசலேமில் மட்டும் ஒரு கட்டம் வந்தால் அந்த இணைப்புக்குறிதான் காரணம். இந்த முறை அது மேம் இல்லை.

கிரேக்கத்துல கேள்விக்குறியே காணோமே, அதுக்கும் எழுத்துரு வேணுமா?

வேண்டாம். நம் அரைப்புள்ளி மாதிரி இருப்பதுதான் அவர்களுடைய கேள்விக்குறி.

ஒரு பக்கம் தமிழ் வேதாகமம், ஒரு பக்கம் கிரேக்கம், முடியுமா?

பாமில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 256 இடத்தைத் தமிழும் கிரேக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. நிரலே இரண்டு எழுத்துருவைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால்தான் உண்டு. பாக்கெட் பிசியில் எண்ணுக்கு இடப்பஞ்சம் இல்லை, ஆனால் மேலே சொன்ன கொம்புப் பிரச்சினை. நான் தமிழுக்கு அச்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

பேட்டரி செத்துப்போச்சு. சார்ஜ் பண்ணிப் பார்த்தா எல்லாம் போயிடுச்சு!

பழைய கருவிகளின் நினைவகம் மின்சாரம் இருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். பாம் 3, எம்100 போன்றவற்றில் ஏஏஏ பேட்டரி மாற்றவே ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் அவகாசம். புது பேட்டரியைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றுங்கள். 2004இன் பாம் டங்ஸ்டன் டி5, 2005இன் விண்டோஸ் மொபைல் 5 ஆகியவற்றிலிருந்துதான் மின்சாரம் போனாலும் கோப்பு நிற்கும் வசதி வந்தது.

கடையில் கொடுத்தாலும் இதே கதிதான் நேரலாம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் திரை உறைந்துவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் ஹார்டு ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து, "இப்ப ஓடுது" என்று சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். ரோமர் நிருபக் குறிப்பு முழுக்கப் போயிற்று. எழுத்துருக் கோப்பு, நிரல், குறிப்பு மூன்றையும் அட்டையில் ஒரு பிரதி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

ஒருத்தர்கிட்ட இருக்கற எழுத்துருவை எல்லாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாமா?

ஜென்டியம், எஸ்ரா எஸ்.ஐ.எல். இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை, தாராளமாகக் கொடுக்கலாம். எஸ்.பி.எல். எழுத்துருக்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய வேதாகம நிரலோடு வந்த எழுத்துருவை மட்டும் உருவி எடுத்து விநியோகிக்காதீர்கள். வேதபாட வகுப்பில் அதையா செய்வது?

பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் ஒண்ணு சும்மா கிடக்கு. அதுல முயற்சி பண்ணலாமா?

பாமைவிட அதுவே நல்ல தேர்வு. பதிப்பு 4.2 அல்லது அதற்கு மேல் என்றால் தயங்காதீர்கள், வலமிருந்து இடமாகப் பக்கம் அமைக்கும் வசதி 2012இல் அந்தப் பதிப்போடு வந்தது. கருவி முழுவதற்கும் எழுத்துரு போட ரூட் செய்ய, அதாவது கருவியின் உள்பூட்டைத் திறக்க, வேண்டியிருக்கும், அந்த வம்பு வேண்டாம். எழுத்துருவைத் தன்னோடு கொண்டுவரும் வேதாகமச் செயலி ஒன்றைப் போட்டு, ஆதியாகமம் 1:1, யோவான் 1:1 இரண்டையும் திறந்து மேலே சொன்ன மாதிரி சோதித்துப் பாருங்கள். இரண்டும் தேறினால் சிம் அட்டையைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்.

தேறவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். அந்தக் கருவியின் சார்ஜரையும் சேர்த்து.